காவின் புத்தகத்தில் ஒரு கையெழுத்து இல்லை

ராத்தாவுக்குக் காவின், அதாவது திருமணப் பதிவு, எழுதிய அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. பெரியும்மாவின் மகள் அவள். முன் மண்டபத்தில் வெள்ளைச் சீலை விரித்து மௌலவி, விவாகப் பதிவாளர், மாப்பிள்ளை, சாட்சிகள், ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் எல்லோரும் உள்ளறையில். நான் மட்டும் கதவுத் திரையை விலக்கி எட்டிப் பார்த்து, வெளியே நடப்பதை ராத்தாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "மாப்பிள்ளை சைன் வைக்கிறார். இப்போ பெரியவாப்பா வைக்கிறார். இப்போ சாட்சிக்காரர்." மருதோன்றி போட்ட கையை மடியில் விரித்து வைத்திருந்த ராத்தா மெதுவாகக் கேட்டாள், "எனக்கு எப்போ கொண்டு வருவாங்க?" பக்கத்தில் இருந்த மாமி அவள் தலையைத் தடவி, "அதுக்குத்தானே மகள் வாப்பா இருக்கார்" என்றார்.

புத்தகம் உள்ளே வரவில்லை. ராத்தாவுக்கு அப்போது பதினாறு.

ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன். மட்டக்களப்புக் கரையோரத்தில் ஓர் ஊர் என்பது போதும். அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். இலங்கை முஸ்லிம்களின் விவாகச் சட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் எவ்வளவோ வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைகிறது, எந்த இடத்தில் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்துகிறது என்பதை ஒருத்தியின் கதை வழியாகச் சொன்னால்தான் விளங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்று பதிவாளர் எந்தத் தவறும் செய்யவில்லை. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் சொன்னபடிதான் செய்தார். ஷாஃபி மத்ஹப் என்ற சட்ட மரபைச் சேர்ந்த மணப்பெண்ணுக்காக அவளுடைய வலி வாக்குமூலம் கொடுப்பார், கையெழுத்தும் அவரே வைப்பார். வலி என்றால் தகப்பன், அவர் இல்லாவிட்டால் அடுத்த ஆண் உறவு. அவள் சம்மதித்தாள் என்பதற்கு அவளுடைய கையாலேயே ஓர் அடையாளம் வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாஃபிகள். அப்படியானால் எத்தனை வீடுகளில் அந்தப் புத்தகம் மண்டபத்தோடு நின்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கன்னிப் பெண்ணிடம் அனுமதி கேட்க வேண்டும், அவளுடைய மௌனமே அனுமதி என்று ஹதீஸ், அதாவது நபிமொழி, இருக்கிறது. வெட்கப்படும் பெண்ணின் மேல் இரக்கம் வைத்துச் சொன்ன வார்த்தை அது. கேட்ட பிறகு வரும் மௌனத்தைப் பற்றித்தான் அது பேசுகிறது. நம் ஊர்களில் கேட்காமலே மௌனத்தை எடுத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. தன் விருப்பமில்லாமல் தகப்பன் முடித்து வைத்த திருமணத்தைச் சொல்லி முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண்ணுக்காக நபி அந்தத் திருமணத்தையே ரத்துச் செய்ததும் ஹதீஸில்தான் இருக்கிறது. இதை நான் ஓதக் கற்ற காலத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பிற்காலத்தில், இந்தச் சட்டத்தை மாற்றக் கேட்டு ஊர் ஊராகப் போன பெண்களின் வாயிலிருந்துதான் கேட்டேன்.

சட்டம் எங்கிருந்து வந்தது

இந்தச் சட்டத்தில் கை வைத்தால் ஷரீஆவில் கை வைத்ததாகிவிடும் என்று பள்ளிவாசல் மிம்பர்களில் பேசப்படுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் சட்டத்தின் பிறப்பைக் கொஞ்சம் பார்ப்பது நல்லது.

ஒல்லாந்தர் 1770இல் பத்தாவியாவிலிருந்து ஒரு முஸ்லிம் சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்து இங்கே நடைமுறைப்படுத்தினார்கள். பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. ஆங்கிலேயர் வந்து, கொழும்பு முஸ்லிம் பெரியவர்களைக் கேட்டுத் திருத்தி, 1806இல் முஹம்மதியச் சட்டக்கோவை என்று வெளியிட்டார்கள். 1929இல் விவாக, விவாகரத்துப் பதிவுக் கட்டளைச் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வந்தது 1937இல். முஸ்லிம் குடும்ப வழக்குகளைக் காதி என்ற நீதிபதி விசாரிக்கும் முறை சட்டப்படி நிலைபெற்றது அதன் மூலம்தான். பிறகு 1951ஆம் ஆண்டுச் சட்டம். அது 1954 ஆகஸ்ட் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதாவது ஒல்லாந்தத் தேசாதிபதி, ஆங்கிலேய நீதிபதி, இலங்கைப் பாராளுமன்றம் என்று மூன்று கை மாறி வந்த சட்டம் இது. ஒவ்வொரு முறையும் அதை எழுதியவர்கள் ஆண்கள்.

இதற்கு நான் அடிக்கடி எடுத்துக் காட்டும் ஒரு சாட்சி கைக்கூலி. மணமகனுக்குப் பெண் வீட்டார் கொடுக்கும் பணம். மார்க்கத்தில் மஹர் உண்டு, அதை ஆண் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும். கைக்கூலி அதற்கு நேர் எதிர்த் திசையில் போகும் பணம். ஷரீஆவில் அதற்கு இடமே கிடையாது. ஆனால் எங்கள் சட்டத்தில் கைக்கூலி என்ற தமிழ்ச் சொல் அப்படியே இருக்கிறது, அதற்கு விளக்கமும் இருக்கிறது, பிரிந்தபின் அதைத் திருப்பிக் கேட்டுப் பெண் காதியிடம் போகலாம் என்றும் இருக்கிறது. திருப்பிக் கேட்க முடிவது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஊர் வழக்கத்துக்குச் சட்டத்தில் இடம் கொடுக்க முடிந்ததே, பெண்ணின் கையெழுத்துக்கு மட்டும் ஏன் இடமில்லாமல் போனது என்றுதான் கேட்கிறேன்.

வயது

இதைப் பற்றி நீட்டி எழுத என்னால் முடியவில்லை. சட்டத்தின் 23ஆம் பிரிவு, பன்னிரண்டு வயது நிரம்பாத பெண் பிள்ளையின் திருமணத்தைக் காதியின் அனுமதி இல்லாமல் பதியக்கூடாது என்கிறது. காதி அனுமதித்தால் பதியலாம் என்று அதற்கு அர்த்தம். பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் அந்த அனுமதியும் தேவையில்லை. 1995இல் நாட்டின் மற்ற எல்லோருக்கும் திருமண வயது பதினெட்டு ஆனபோது முஸ்லிம் பிள்ளைகள் அந்த மாற்றத்துக்கு வெளியே விடப்பட்டார்கள். அதே ஆண்டு தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, பதினாறு வயதுக்குக் குறைந்த பெண்ணோடு அவள் சம்மதித்தாலும் உறவு கொள்வது வல்லுறவு என்று ஆனது. அதிலும் ஒரு விலக்கு வைத்தார்கள்: பன்னிரண்டு வயதைக் கடந்த மனைவி என்றால் அது குற்றமில்லை.

ராத்தா ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருந்த மாதத்தில்தான் காவின் நடந்தது. பெறுபேறு வந்தபோது அவள் மாமியார் வீட்டுக்காரர் வந்து தங்கிய விருந்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். கணிதத்தில் ஏ.

காதியார் வீட்டு விறாந்தை

இரண்டு வருடம் கட்டாரிலிருந்து மாப்பிள்ளையின் பணம் வந்தது. பிறகு குறைந்தது, பிறகு நின்றது. அவர் விடுமுறையில் வந்தபோது கையும் நீண்டது. இரண்டாவது திருமணத்துக்கு அவர் ஆயத்தமாவதை ராத்தா அறிந்த விதத்தை நான் மறக்கமாட்டேன். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த பக்கத்து வீட்டுப் பையன், "ராத்தா, பள்ளிப் பலகையில உங்கட மாப்பிள்ளைட பேர் போட்டிருக்கு" என்று வந்து சொன்னான்.

இதுவும் சட்டப்படி நடந்த காரியம்தான். மறுமணம் செய்யும் ஆண் முப்பது நாட்களுக்கு முன் காதிக்கு அறிவிக்க வேண்டும், காதி அதைப் பள்ளிவாசல்களில் பார்வைக்கு வைக்க வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. இருக்கிற மனைவியின் சம்மதம் தேவையில்லை. இரண்டு குடும்பத்தையும் காப்பாற்ற இவருக்கு வசதி உண்டா என்று விசாரித்து அனுமதி கொடுக்கும் அதிகாரமும் காதிக்கு இல்லை. பெண்கள் போகாத ஒரு சுவரில் ஒரு காகிதம் தொங்கினால் போதும்.

காதி நீதிமன்றம் என்றதும் கட்டடம், மேடை, கறுப்பு அங்கி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நாட்டில் இப்படி அறுபத்தைந்து அளவில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. காதியாரின் வீடு, பாடசாலை அறை, பள்ளிவாசல் மண்டபம் என்று எங்காவது நடக்கும். அநேகமாக வார இறுதியில். எங்கள் ஊரில் அது காதியார் வீட்டு விறாந்தை. நான் ராத்தாவோடு துணைக்குப் போவேன். பிளாஸ்டிக் கதிரைகள், ஓரத்தில் காதியாரின் பேரப்பிள்ளையின் சைக்கிள், உள்ளே குக்கர் விசில் அடிக்கும். அடுத்த வழக்குக்கு வந்தவர்கள் ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். தன் அறைக்குள் நடந்ததை அவர்கள் காதில் விழும்படிதான் அவள் சொல்ல வேண்டியிருந்தது. எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதுபோல நான் நடந்து, அவளுக்கும் அந்தக் கதிரைகளுக்கும் நடுவில் நின்றுகொள்வேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

காதியார் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற்ற மனிதர், ஊரில் மரியாதையுள்ளவர், ராத்தாவை "மகள்" என்றுதான் கூப்பிட்டார். அவரிடம் இருந்த சட்டம் அப்படி. காதியாக ஆவதற்குச் சட்டம் கேட்பது நன்னடத்தையும் தகுந்த அந்தஸ்தும் உள்ள முஸ்லிம் ஆணாக இருப்பது. சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. நியமிப்பது நீதிச் சேவை ஆணைக்குழு, அரசாங்கப் பணத்தில் ஒரு சிறு கொடுப்பனவு. ஆக இது ஜமாஅத் கூடி நடத்தும் பஞ்சாயத்து இல்லை, அரசின் நீதி அமைப்பிலேயே ஒரு பகுதி. அரசின் நீதி ஆசனம் ஒன்றில் பெண் உட்காரக் கூடாது என்று அரசின் சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

ராத்தாவின் கணவர் தலாக் சொல்ல நினைத்திருந்தால் வழி நேரானது. காதிக்கு அறிவித்து, சமரச முயற்சிக்கு இடம் விட்டு, சாட்சிகள் முன்னிலையில் சொல்லி, மாதக்கணக்கில் முடித்துவிடலாம். என்ன காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் தலாக் சொல்லவும் இல்லை, வைத்து வாழவும் இல்லை. ராத்தா பஸஹ், அதாவது மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து, கேட்டாள். பஸஹ் கேட்கும் பெண் கணவனின் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். காதிக்கு உதவியாக மூன்று மதிப்பீட்டாளர்கள் உட்காருவார்கள், அவர்களும் ஆண்கள். சாட்சி குறைந்தது இரண்டு பேர் வேண்டும்.

"அடிச்சத நேரில கண்ட ஆக்கள் இருக்காங்களா மகள்?"

கதவைச் சாத்திக்கொண்டு அடித்ததற்கு யார் சாட்சி வருவார்? தம்பி வந்தான், காயத்தைப் பார்த்ததாகச் சொன்னான். இரண்டாவது சாட்சிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டோம். அவளுடைய மாப்பிள்ளை விடவில்லை. "பொம்புளைய காதி வாசல்ல ஏத்தி வைக்கேலாது" என்றார். ஒரு தவணை அதோடு போனது. அடுத்த தவணைக்கு அவரே வந்தார், மனைவி சொன்னதைத் தான் கேட்டதாகச் சொல்ல. அது செல்லாது என்றார்கள்.

சட்டத்தரணி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டோம். முடியாது. காதி முன்னிலையில் சட்டத்தரணிகள் ஆஜராக இந்தச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஏழைகளுக்குச் செலவு வைக்கக்கூடாது, வழக்கு இழுபடக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த விதியாக இருக்கலாம். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் அறிந்த ஆணும், பதினெட்டு வயதில் கைப்பிள்ளையோடு நிற்கும் பெண்ணும் எதிரெதிரே நிற்கும்போது அந்த விதி யாருக்கு உதவியது என்பதை நான் பார்த்தேன். ராத்தா பேச எழுந்தால் குரல் உடைந்துவிடும். கணவருடைய காக்கா, அதாவது அண்ணன், நிதானமாக, சிரித்த முகத்தோடு பேசுவார். எழுதப்பட்டதெல்லாம் அவர் சொன்னது.

பிள்ளைத் தாபரிப்பு மாதம் மூவாயிரத்து ஐந்நூறு என்று முடிவானது. இரண்டு மாதம் வந்தது. அப்புறம் நின்றது. காதியால் போய்ப் பிடித்து வாங்க முடியாது, நிலுவைக்குச் சான்று எழுதி மஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே இன்னொரு வரிசை. மற்றச் சமூகத்துப் பெண் 1999ஆம் ஆண்டுத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நேரே மஜிஸ்திரேட்டிடம் போகலாம். முஸ்லிம் மனைவிக்கு முதல் வாசல் காதிதான். காதியின் தீர்ப்பில் குறை இருந்தால் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம், அது கொழும்பில். மட்டக்களப்பிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். சபையில் ஐந்து பேர், ஐவரும் ஆண்களாகவே இருக்க வேண்டும்.

பஸஹ் கிடைக்க மூன்று ஆண்டுகள் ஆயின. பிள்ளை அதற்குள் முன்பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தான்.

பூட்டு எங்கே இருக்கிறது

இந்தச் சட்டம் சமத்துவத்துக்கு எதிரானது என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனால் என்ன என்று வெளிநாட்டுத் தோழி ஒருத்தி கேட்டாள். இந்தியாவில் ஷாயரா பானு போனதைப் பார்த்துக் கேட்டிருப்பாள். 2017இல் அங்கே உச்ச நீதிமன்றம் முத்தலாக்கைச் செல்லாததாக்கியது. இங்கே அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லோரும் சமம் என்கிறது. 16(1)ஆம் உறுப்புரை, அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் குடையின் கீழ் பத்திரமாக இருக்கிறது. எனவே மாற்றம் வந்தால் பாராளுமன்றத்தால்தான் வர வேண்டும். பாராளுமன்றம் அசைய வேண்டுமென்றால் முஸ்லிம் உறுப்பினர்கள் அசைய வேண்டும். அவர்கள் மார்க்க அறிஞர்களான உலமாக்களின் முகத்தைப் பார்க்கிறார்கள். உலமாக்கள், சமூகம் ஒருமித்து வரட்டும் என்கிறார்கள். சமூகம் என்று அவர்கள் சொல்லும்போது விறாந்தையில் உட்கார்ந்திருந்த பெண்கள் அதில் சேர்த்தி இல்லை.

கேட்கத் தொடங்கிய பெண்கள்

முஸ்லிம் பெண்கள் ஆராய்ச்சி, செயல் முன்னணி 1986இல் தொடங்கப்பட்டது. ஜெஸீமா இஸ்மாயில், பைஸூன் சகரியா போன்றவர்கள் அந்த முதல் தலைமுறை. அவர்கள் கேட்டது சட்டத்தைத் தூக்கி எறியச் சொல்லி அல்ல, மார்க்கத்துக்குள்ளேயே நீதி இருக்கிறது, அதைச் சட்டத்துக்குள் கொண்டு வாருங்கள் என்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை விரட்டியபின் புத்தளம் அகதி முகாம்களில் பெண்கள் மத்தியில் வேலை செய்தவர்கள் இன்னொரு வேர். ஓலைக் குடிசைக்குள் இளவயதுத் திருமணமும் கைவிடப்படுதலும் எப்படிப் பெருகின என்று அவர்கள்தான் குறித்து வைத்தார்கள். கிழக்கில் சுனாமிக்கும் போருக்கும் பிறகு இன்னும் பலர் சேர்ந்தார்கள். 2016இல் முஸ்லிம் தனியார் சட்டச் சீர்திருத்தச் செயற்குழு உருவானபோது இந்த வேர்கள் ஒன்றாகின. காதி நீதிமன்றம் போய் வந்த பெண்களே முன்னால் வந்து பேசத் தொடங்கியது அப்போதுதான். முகத்தை மறைத்துக்கொண்டு பேசினார்கள். மறைக்காமல் பேசியவர்களுக்குத் தொலைபேசியில் வசைகளும், முகநூலில் அதைவிட மோசமானவையும் வந்தன.

அரசாங்கம் குழு போடுவதற்குக் குறை வைக்கவில்லை. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. அறிக்கை கையளிக்கப்பட்டது 2018 ஜனவரியில். ஒன்பது வருடம். ராத்தாவின் மகன் அதற்குள் நடுநிலைப் பள்ளிக்கு வந்துவிட்டான். இத்தனை வருடம் இருந்தும் குழு ஒன்றாக முடிக்கவில்லை, இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் மர்சூப்பும் பெண் உறுப்பினர்களும் அவர்களோடு நின்றவர்களும், மறுபக்கம் ஜனாதிபதி சட்டத்தரணி பாயிஸ் முஸ்தபாவும் ஜம்இய்யத்துல் உலமாவைச் சேர்ந்தவர்களும். திருமண வயது, பெண் காதி, வலியின் இடம், பலதார மணத்துக்கு நிபந்தனை என்று முக்கியமானவை எல்லாவற்றிலும் கருத்து வேறாகியது.

பெண் காதி கூடாது என்பதற்கு ஷாஃபி மத்ஹபைக் காட்டுகிறார்கள். எங்களைப்போலவே ஷாஃபிகளான இந்தோனேசியர்களின் மார்க்க நீதிமன்றங்களில் பெண்கள் பல பத்தாண்டுகளாக நீதிபதிகளாக இருக்கிறார்கள். ஷாஃபி மத்ஹபையே பின்பற்றும் மலேசியாவும் 2010இல் ஷரீஆ நீதிமன்றத்துக்குப் பெண்களை நியமித்தது. எங்களுக்கு முதல் சட்டப் புத்தகம் வந்ததே அந்தப் பத்தாவியாவிலிருந்துதான். 2019இல் இந்தோனேசியா பெண்ணின் திருமண வயதைப் பத்தொன்பதாக்கியது. மறுமணத்துக்குச் சபையின் அனுமதி வேண்டும் என்று பாகிஸ்தான் 1961இலேயே சட்டம் செய்தது. மொரோக்கோ 2004இல் குடும்பச் சட்டத்தையே புதிதாக எழுதி, திருமண வயதைப் பதினெட்டாக்கியது. இந்த நாடுகளில் தொழுகை நின்றுவிடவில்லை. அங்கேயும் உலமாக்கள் இருந்தார்கள், எதிர்த்தார்கள், பேசினார்கள், பிறகு ஓர் இடத்துக்கு வந்தார்கள். எங்கள் பெரியவர்களிடம் நான் எதிர்பார்ப்பது அந்த வருகையைத்தான்.

அரசின் கை நீண்டபோது

இனி எழுதுவது எனக்கு மிகவும் கசப்பான பகுதி.

முப்பது வருடம் பெண்கள் கேட்டபோது கேட்காத காது, 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு திடீரென்று திறந்தது. முஸ்லிம்களை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்ற பேச்சின் நடுவே எங்கள் விவாகச் சட்டமும் ஒரு தலைப்பாகிப் போனது. பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளையின் மேல் எந்த அக்கறையும் அதுவரை காட்டாதவர்கள் தொலைக்காட்சியில் அவளுக்காகப் பேசினார்கள். அவர்களுடைய வாயில் அந்தப் பிள்ளை எங்கள் ஊர்களை அடிப்பதற்கு ஒரு தடி.

2020இல் அலி சப்ரி நீதி அமைச்சரானார். முஸ்லிம் ஒருவரே நீதி அமைச்சர் என்றதும் எங்களுக்குள் ஒரு நம்பிக்கை வந்தது, மறுக்கவில்லை. அவர் ஆலோசனைக் குழு ஒன்றை நியமித்தார். திருமண வயது பதினெட்டு, விரும்பும் முஸ்லிம்கள் பொது விவாகச் சட்டத்தின் கீழும் பதியலாம் என்றெல்லாம் பேச்சு வந்தது. ஆனால் அதே காலத்தில்தான் அதே அரசாங்கம் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்துக்கொண்டிருந்தது. 2020 டிசம்பரில் பொரளை மயானத்தின் வேலியில் ஆட்கள் வந்து வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். இரவோடிரவாக அவை அகற்றப்பட்டன, மறுபடியும் கட்டினார்கள். அடக்க அனுமதி வந்தது 2021 பெப்ரவரி இறுதியில்தான். மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. எங்கள் ஊரிலிருந்து அது தூரமில்லை. மையித்தை எரிக்கும் அரசு எங்கள் பெண்களுக்கு நீதி செய்யுமா என்று பெரியும்மா கேட்டார். சீர்திருத்தத்துக்காகப் பத்து வருடம் அலைந்த பெண்களிடம்கூட அதற்குப் பதில் இருக்கவில்லை.

2021 நடுப்பகுதியில் அமைச்சரவை பலதார மணத்தைத் தடை செய்யவும் காதி நீதிமன்றங்களை ஒழிக்கவும் முடிவெடுத்ததாக அறிவித்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது பெண்கள் கேட்டதைவிட அதிகமாகக் கிடைத்ததுபோலத் தோன்றும். கேட்டது வேறு. காதி முறையைச் சீராக்குங்கள், சட்டம் படித்தவர்களை நியமியுங்கள், பெண்களையும் நியமியுங்கள், முறையான கட்டடமும் சம்பளமும் கொடுங்கள், அழும் பெண்ணுக்கு ஒரு கதவாவது சாத்திக் கொடுங்கள் என்று பலரும் கேட்டார்கள். காதி இல்லாமல் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவதென்றால் சட்டத்தரணிக் கட்டணம், வருடக்கணக்கான தவணை, பல இடங்களில் மொழிச் சிக்கல். ராத்தாவிடம் கேட்டபோது அவள் சொன்னாள், "அந்த விறாந்தைக்குப் போக பஸ்ஸுக்கு இருபது ரூபா முடிஞ்சுது. டவுன் கோட்டுக்கு நான் எப்படிப் போயிருப்பன்?" அத்தனை பட்டவள் சொல்வது இது. ஒழிப்பதற்கும் சீராக்குவதற்கும் நடுவில் இருக்கும் இந்த வித்தியாசத்தைத்தான் யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை.

பிறகு 2021 ஒக்டோபர் 26ஆம் திகதி 'ஒரே நாடு ஒரே சட்டம்' செயலணி வந்தது. தலைவராகக் கலகொட அத்தே ஞானசார தேரர். 2014 ஜூனில் அளுத்கமையில் அவர் பேசிய கூட்டத்துக்குப் பின் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்ததை நாடு அறியும். அறிவிக்கப்பட்டபோது அந்தச் செயலணியின் 13 பேரில் ஒரு பெண்கூட இல்லை. அன்றோடு எங்கள் ஊரில் சீர்திருத்தம் என்ற வார்த்தையைச் சொல்வதே கஷ்டமாகிவிட்டது. இத்தனை நாள் தயங்கிக்கொண்டிருந்த நல்ல மனம் கொண்ட மௌலவிகள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். சட்டத்தை மாற்றக் கேட்ட பெண்கள் ஞானசாரரின் ஆட்கள் என்று பேச்சு எழுந்தது. அந்தப் பெண்களில் ஒருத்தியின் உறவினர் கடை அளுத்கமையில் எரிந்தது என்று சொன்னால்கூடக் கேட்க ஆள் இல்லை.

நேரம் சரியில்லை என்பதுதான் எங்களுக்கு எப்போதும் கிடைத்த பதில். போர் நடக்கும்போது நேரம் சரியில்லை. போர் முடிந்தபின் ஞானசாரரின் அமைப்பான பொது பல சேனா வந்துவிட்டது, நேரம் சரியில்லை. 2016இல் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற ஏற்றுமதி வரிச் சலுகைக்காக ஐரோப்பா நெருக்குகிறது, நேரம் சரியில்லை. 2019க்குப் பிறகு, சொல்லவே வேண்டாம். அச்சம் பொய்யில்லை, சிறுபான்மையின் அச்சத்தை நானும் தினமும் சுமக்கிறேன். ஆனால் சமூகத்துக்கு ஆபத்து வரும்போதெல்லாம் பொறுத்துக்கொள்ளும் பங்கு பெண்ணுக்கே ஏன் விழ வேண்டும்? சமூகத்தின் மானத்தைக் காக்க ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் வாழ்க்கையைத்தானா பிணை வைக்க வேண்டும்?

2022இல் அரசாங்கம் கவிழ்ந்தது, செயலணியின் பேச்சும் அடங்கியது. அடுத்து வந்த நீதி அமைச்சரின் காலத்திலும் வரைவு, கூட்டம், முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினர்களின் மறுப்பு என்று போனது. 2024ஆம் ஆண்டு முடிந்தபோதும் 1951ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருந்தது. 1981இல் பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சமவாயத்தில் இலங்கை இணைந்தது. அந்தச் சமவாயத்தின் குழு ஜெனீவாவில் இலங்கையை விசாரிக்கும்போது இந்தச் சட்டத்தைக் கேட்கிறது, அரசாங்கத்துப் பிரதிநிதிகள் விரைவில் என்று சொல்லிவிட்டு வருகிறார்கள்.

இப்போது ராத்தா

அவளுக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. மகன் ஏ.எல். முடித்துவிட்டான். மறுமணம் பேசி வந்தவர்களை வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள், அது அவளுடைய விருப்பம்.

போன வருடம் எங்கள் சாச்சாவின் மகளுக்குக் காவின். பிள்ளைக்கு இருபத்துநான்கு வயது, சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். படிப்பை முடித்தால் நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் அவள் வழக்குப் பேசலாம், ஒரு நாள் நீதிபதியாகவும் உட்காரலாம். காதியாக முடியாது, விவாகப் பதிவாளராகக்கூட முடியாது, காதி முன்னால் ஒரு பெண்ணுக்காக வாதாடவும் முடியாது. அன்று பதிவாளர் புத்தகத்தை மூடப் போகும் நேரத்தில் ராத்தா உள்ளறையிலிருந்து எழுந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மண்டபத்து வாசலில் போய் நின்றாள். "சாச்சா, புத்தகத்த உள்ளுக்குத் தாங்க. பிள்ளை பார்க்கட்டும்."

பதிவாளர் சாச்சாவைப் பார்த்தார். சாச்சா மௌலவியைப் பார்த்தார். மௌலவி இளம் ஆள், "குடுங்க" என்றார்.

புத்தகம் உள்ளே வந்தது. மணப்பெண் முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள், மஹர்த் தொகை எழுதிய இடத்தில் விரல் வைத்து மறுபடியும் வாசித்தாள். தன் பெயருக்கு எதிரே வாப்பாவின் கையெழுத்தைப் பார்த்தாள். பேனாவைக் கையில் எடுத்து, எந்தக் கட்டத்தில் போடுவது என்று ராத்தாவிடம் கேட்டாள். இருவரும் அந்தப் பக்கம் முழுவதும் தேடினார்கள்.